அச்சு யாருடையது? மண், மெழுகு, கோப்பு

1

தமிழில் 'அச்சு' என்ற சொல் பல தொழில்களில் புழங்குகிறது. வண்டிக்காரருக்கு அது சக்கரத்தைத் தாங்கும் இரும்பு. காஞ்சிபுரத்து நெசவாளிக்குப் பாவு இழைகள் நுழைந்து வருகிற சீப்பு. முடிந்த பாவோடு புதுப் பாவை இழை இழையாக இணைப்பதற்கு அங்கே 'அச்சுப் பிணைத்தல்' என்று பெயர். நம்மைப் போலப் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு அச்சு என்றால் எழுத்து, காகிதம், கடன். வார்ப்படக்காரருக்கோ உருகிய உலோகம் போய் இறங்குகிற கூடு. ஆங்கிலத்தில் காகிதத்தில் பதியும் அச்சுக்கும் உலோகம் வார்க்கும் அச்சுக்கும் வெவ்வேறு சொற்கள். தமிழில் இரண்டும் ஒன்றுதான். ஈய எழுத்தைக் கோர்த்துப் பத்திரிகை போட்ட காலத்தில் இந்த ஒற்றுமை கண்ணுக்கே தெரிந்தது. அந்த எழுத்து ஒவ்வொன்றும் வார்த்து எடுத்ததுதான்.

கடந்த நாற்பதாண்டுகளில் இந்த இரண்டு அச்சுகளும் வேறொரு வழியாக மறுபடி ஒன்றாகியிருக்கின்றன. கணிப்பொறியில் உள்ள ஒரு வடிவத்தை ஒரு இயந்திரம் மெல்லிய அடுக்குகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக 'அச்சடித்து' முழு உருவமாக நிறுத்துகிறது. இதைத் தொழில்துறையில் முதலில் 'ரேபிட் புரோட்டோடைப்பிங்' என்றார்கள். துரித முன்மாதிரி என்று சொல்லலாம். இப்போது முப்பரிமாண அச்சு என்ற பெயர்தான் பரவலாகியிருக்கிறது. இப்படி அச்சடித்த உருவத்தை வைத்து உலோக வார்ப்புக்கான அச்சைத் தயாரிக்கிறார்கள். சில இடங்களில் வார்ப்பு அச்சையே நேராக அச்சடிக்கிறார்கள்.

'இதெல்லாம் என்ஜினியர் சமாச்சாரம், சிற்றிதழில் எதுக்கு?' என்று கேட்கலாம். ஒரு கருவி, ஆளின் கையிலிருந்து கோப்புக்குப் போகும்போது அந்தக் கையில் இருந்த அறிவு என்ன ஆகிறது, அது யாருடைய சொத்தாகிறது என்பது என்ஜினியர் மட்டும் பேச வேண்டிய விஷயம் அல்ல. அதைப் பேசுவதற்கு முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். நம் விமர்சனங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. தொழில்நுட்பம் பற்றி ஆவேசமாகப் பேசுவோம், அது எப்படி இயங்குகிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஆகவே கொஞ்சம் பொறுமையாக, மண்ணிலிருந்து தொடங்குவோம்.

2

காஞ்சிபுரத்தில் ஒரு தறி. தறிக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி. அதன் வார்ப்பிரும்புத் தாங்கி ஒன்று உடைந்துவிட்டது, அந்த மாதிரிப் பெட்டியை இப்போது யாரும் செய்வதில்லை, கடையிலும் கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். வேண்டியது ஒரே ஒரு உருப்படி.

'உடைஞ்சத ஒட்டி மண்ணுல பதிச்சு வார்த்துட வேண்டியதுதானே' என்று தோன்றும். அவசரத்துக்கு அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் உருகிய இரும்பு உறைந்து ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். 200 மில்லிமீட்டர் நீளமுள்ள தாங்கி 198 மில்லிமீட்டராகத்தான் வரும். திருகாணித் துளைகள் பொருந்தாது. எனவே வார்ப்படத்துக்கான மாதிரி எப்போதும் வேண்டிய பொருளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். மாதிரி செய்கிற மர ஆசாரியிடம் உள்ள அளவுகோலே வேறு. அதில் ஒரு அடி என்பது கடை அடியைவிடக் கொஞ்சம் நீளம். உலோகத்துக்கு உலோகம் இந்தக் கோல் மாறும். வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ 1 சதவீதம், அலுமினியத்துக்கு 1.3, வெண்கலத்துக்கு 1.5, எஃகுக்கு 2.

சுருக்கம் ஒன்று மட்டுமல்ல. மாதிரியை மண்ணில் பதித்து மேலே உருவி எடுக்கும்போது மண் சுவர் இடியக்கூடாது. அதற்காகப் பக்கங்களை ஓரிரு பாகை சாய்வாகச் செதுக்க வேண்டும். பிறகு கடைசல் பிடித்து மழிக்கவேண்டிய முகங்களில் கூடுதல் சதை விட வேண்டும். மண்பெட்டி மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டாகப் பிரிவதால் மாதிரியையும் எந்த இடத்தில் பிரிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பொருளுக்குள் வெற்றிடம் வேண்டும் என்றால் அந்த வெற்றிடத்தின் வடிவில் மண்ணைக் கெட்டிப்படுத்தி அச்சுக்குள் வைக்க வேண்டும். அதன் பெயர் கோர். அந்தக் கோரைச் செய்ய இன்னொரு பெட்டி, கோர் பாக்ஸ். பம்பின் உடலுக்குள் தண்ணீர் சுழல்கிற பாதை இப்படித்தான் உருவாகிறது. இல்லாத இடத்துக்கு ஒரு உருவம், அந்த உருவத்துக்கு ஒரு பெட்டி.

மாதிரி, கோர் பாக்ஸ், அலுமினிய வார்ப்புக்கான எஃகு அச்சு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தொழிலில் 'டூலிங்' என்கிறார்கள். பொருளைச் செய்வதற்கு முன்னால் செய்யவேண்டிய பொருள். இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, இதன் செலவு. பத்தாயிரம் உருப்படி வார்த்தால் மாதிரியின் செலவு ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து கரைந்துவிடும். ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் முழுச் செலவும் அந்த ஒன்றின் தலையில். அதனால்தான் பவுண்டரிக்குப் போய் ஒரு தாங்கி கேட்டால், 'ஆயிரம் பீஸா வேணும்னா சொல்லுங்க' என்பார்கள். பழையதைப் பழுது பார்க்காமல் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்க வைக்கும் பொருளாதாரம் விளம்பரத்தில் மட்டும் இல்லை, டூலிங் செலவிலும் இருக்கிறது.

இரண்டு, வரைபடத்துக்கும் மாதிரிக்கும் உள்ள இடைவெளி. வரைபடத்தில் இருப்பது முடிந்த பொருள். சாய்வு எவ்வளவு, பிரிப்பு எங்கே, சதை எங்கே கூட்டுவது, மூலையை எவ்வளவு உருட்டுவது என்பதெல்லாம் பெரும்பாலும் வரைபடத்தில் இருக்காது. ஆசாரியின் கைக்குத்தான் தெரியும். எனவே மரமாதிரி என்பது வரைபடத்தின் நகல் அல்ல. அது வரைபடத்தின் ஒரு வாசிப்பு. நம் மொழியில் சொல்வதானால், பிரதிக்கு வாசகர் எழுதிச் சேர்த்த பகுதி.

3

இப்போது அதே தாங்கியைத் துரித முன்மாதிரி வழியாகப் பார்க்கலாம். உடைந்த துண்டுகளை அளந்தோ ஒளிக்கருவியால் வருடியோ கணிப்பொறியில் வடிவத்தை எழுப்புகிறார்கள். வடிவத்தை 1 சதவீதம் பெரிதாக்குகிறார்கள். இதற்குச் சுருக்கக்கோல் தேவையில்லை, ஒரு எண்ணைத் தட்டினால் போதும். சாய்வும் கூடுதல் சதையும் சேர்க்கிறார்கள். அச்சடிக்கிறார்கள். அங்கிருந்து வார்ப்புக்குப் போக நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, மரமாதிரிக்குப் பதிலாக அச்சடித்த மாதிரி. மண் வேலை முழுக்கப் பழையபடியேதான். 1990களில் அமெரிக்காவின் ஹெலிசிஸ் நிறுவனம், பசை தடவிய காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி லேசரால் வெட்டி உருவம் செய்கிற இயந்திரத்தை விற்றது. அதில் வருகிற உருப்படி மரம் போலவே இருக்கும், அரத்தால் ராவலாம், வார்னிஷ் பூசலாம். பவுண்டரிகளுக்கு அது பழகிய பொருளாகத் தெரிந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் பிளாஸ்டிக் இழையை உருக்கிப் பிழிகிற சிறு இயந்திரங்கள் இருக்கின்றன.

இரண்டாவது, எரிந்துபோகிற மாதிரி. அச்சடித்த உருவத்தின் மேல் பீங்கான் குழம்பைப் பல பூச்சாகப் பூசிக் கூடு கட்டி, சூளையில் வைத்து உள்ளே இருப்பதை எரித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவது. இதில் ஆரம்பத்தில் ஒரு பெரிய சிக்கல் வந்தது. சார்லஸ் ஹல் 1984இல் விண்ணப்பித்து 1986இல் காப்புரிமை பெற்ற முறையில், திரவப் பிசின் புறஊதா ஒளி பட்டுக் கெட்டியாகிறது. இந்தப் பிசின் மெழுகு மாதிரி உருகி ஓடாது. சூடேறினால் முதலில் விரியும், பிறகுதான் எரியும். விரிகிறபோது பீங்கான் கூடு வெடித்துவிடும். ஹல் தொடங்கிய 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் இதற்குக் கண்ட வழி, உருவத்தை உள்ளே தேனடை போலக் கூடாக அச்சடிப்பது. சூட்டில் அது வெளியே தள்ளாமல் உள்ளுக்குள் நொறுங்கும்.

மூன்றாவது, மாதிரியே இல்லாமல் அச்சை நேராக அச்சடிப்பது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இமானுவேல் சாக்ஸ் குழு உருவாக்கி 1993இல் காப்புரிமை பெற்ற முறை இது. தூளைப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் பசையைத் தெளித்து, மறுபடி தூளைப் பரப்பி அடுக்குகிறார்கள். முதலில் வார்ப்புக்கான பீங்கான் அச்சுகள்தான் இதன் முக்கியக் குறி. பிறகு மணலும் பிசினும் வைத்துப் பெரிய மண் அச்சுகளையும் கோர்களையும் அச்சடிக்கும் இயந்திரங்கள் வந்தன. மாதிரியை உருவ வேண்டியதில்லை என்பதால் இதில் சாய்வும் தேவையில்லை. நான்கு துண்டாகச் செய்து ஒட்டவேண்டிய கோர் ஒரே துண்டாக வரும்.

நான்காவது, சுற்று வழி. ஒரு உருவத்தை மட்டும் அச்சடித்து, நன்றாக மெருகேற்றி, அதன் மேல் சிலிகான் ரப்பர் ஊற்றி அச்செடுத்து, அந்த ரப்பர் அச்சில் பல மெழுகு உருக்களை எடுப்பது. சிறிய எண்ணிக்கைக்கு இது தோது.

இந்த வழிகளில் எது எந்தப் பொருளுக்கு ஒத்துவரும், துல்லியம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று ஒப்பிடுகிற வேலை நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2000களில் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பி. ரவியின் குழுவினர், மண் வார்ப்புக்கும் மெழுகு வார்ப்புக்குமான துரித டூலிங் வழிகளை ஆராய்ந்தார்கள். ஒன்றிரண்டு மட்டும் தேவைப்படுகிற உதிரிபாகங்கள் அவர்கள் அக்கறைகளில் ஒன்று. நம்முடைய ஜக்கார்டுத் தாங்கியின் கேள்வியும் அதே வகைதான்.

இதைக் கேட்டு, 'அப்ப பட்டனைத் தட்டினா இரும்பு வந்துடும்' என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடுக்கடுக்காக எழும் உருவத்தின் சரிவுகளில் படிக்கட்டு விழும். அந்தப் படிக்கட்டில் மண் பிடித்துக்கொண்டால் உருவும்போது அச்சு இடியும். ஆகவே மாதிரியை ராவி, மக்கு பூசி, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கைதான். மெல்லிய பிளாஸ்டிக் மாதிரி மண்ணைக் குத்தி இறுக்கும்போது வளையும். அழுத்த வார்ப்பில், 650 பாகையைத் தாண்டிய அலுமினியம் பெரும் அழுத்தத்தில் பாய்கிற இடத்தில் பிளாஸ்டிக்குக்கு வேலையே இல்லை. எஃகு அச்சுதான் வேண்டும். அங்கே செய்யக்கூடியது, எஃகுத் தூளை லேசரால் உருக்கி, அச்சுக்குள் வளைந்து செல்லும் குளிர்நீர்ப் பாதைகளோடு சில பகுதிகளை அடுக்குவது. எல்லாவற்றுக்கும் மேலாக, துரிதம் என்பது மாதிரி செய்வதில் மட்டும்தான். இரும்பு உருகவும் உறையவும் ஆறவும் எடுக்கும் நேரம் மாறவில்லை. அந்த வெக்கையில் நிற்கிற ஆளின் நிலைமையும் மாறவில்லை.

4

இங்கே ஒரு கோட்பாட்டுப் பிரச்சினை எழுகிறது. வால்டர் பெஞ்சமின் 1930களின் நடுவில் எழுதிய, இயந்திர மறுஉற்பத்திக் காலத்துக் கலை பற்றிய கட்டுரையைத் தமிழில் நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அதில் கிரேக்கர்களுக்குத் தெரிந்த மறுஉற்பத்தி முறைகள் வார்ப்பும் முத்திரையிடலும்தான் என்கிறார். அதாவது வார்ப்பு என்றாலே நகல், ஒன்றைப் பலவாக்கும் வழி.

சுவாமிமலைக்குப் போனால் இந்த வாக்கியம் அப்படியே செல்லுபடியாகாது. அங்கே ஸ்தபதி தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி உருவம் செய்கிறார். அளவுக்கு அவர் கையில் இருப்பது ஒடியோலை: படிமத்தின் உயரத்துக்குக் கீறிய தென்னோலை நறுக்கு. அதைத் தாள அளவுப்படி மடித்து மடித்து முகம், மார்பு, இடை எல்லாவற்றுக்கும் விகிதம் எடுக்கிறார். மெழுகு உருவின் மேல் முதலில் காவிரியின் நைசான வண்டல், பிறகு கரடான மண். காய்ந்தபின் சுட்டு மெழுகை வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். எவ்வளவு உலோகம் என்பதற்கு மெழுகை முன்பே எடை போட்டிருப்பார்கள். செம்புக் கலவை மெழுகைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனம் என்பதால் கணக்கு எளிது. மெழுகை நிறுத்து உலோகத்தைக் கணக்கிடும் இந்த முறையைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரனின் 12ஆம் நூற்றாண்டு 'மானசோல்லாசம்' பேசுகிறது. ஆறியபின் மண்ணை உடைக்கிறார்கள். மெழுகு போயிற்று, அச்சும் போயிற்று. மிஞ்சுவது ஒரே ஒரு படிமம். அடுத்ததற்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். விற்பனைக்கான சிறு உருவங்களுக்கு மெழுகையே அச்சில் எடுப்பது உண்டு என்றாலும், மரபின் மையம் இந்த ஒற்றைத்தன்மைதான்.

இந்த ஒற்றைத்தன்மை வெறும் அழகியல் விஷயம் அல்ல. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியது. 2014இல் அது திரும்பி வந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம் அதற்கு முக்கியச் சான்றாக இருந்தது. ஒரு புகைப்படம் சான்றாக முடிந்தது ஏன்? அந்தப் படிமத்தைப் போல இன்னொன்று இல்லை என்பதால். ஒரே அச்சிலிருந்து பத்து வந்திருந்தால், 'இது அந்தப் பத்தில் வேறொன்று' என்று வியாபாரி சொல்லித் தப்பியிருப்பான்.

இப்போது மேலே சொன்ன இரண்டாவது வழியை இதனோடு சேர்த்துப் பாருங்கள். அச்சடித்த பிசின் உருவம் சூளையில் எரிந்துபோகிறது, கூடு உடைபடுகிறது, மிஞ்சுவது ஒரே உலோக உருவம். பார்வைக்குச் சுவாமிமலையின் முறைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கோப்பு எரியவில்லை. மாதிரி ஒருமுறைதான், அதற்கு மூலமான கோப்பு எத்தனை முறை வேண்டுமானாலும். பெஞ்சமின் பேசிய நகலும் இல்லை, ஸ்தபதியின் ஒற்றையும் இல்லை. ஒவ்வொன்றும் தனியாகப் பிறக்கிறது, எல்லாம் ஒன்றாகவே இருக்கிறது. நாளை ஒரு கோயில் படிமத்தை ஒளிக்கருவியால் வருடிக் கோப்பாக்கினால், அது திருட்டுக்கு எதிரான பதிவாகவும் இருக்கும், போலிக்கான அச்சாகவும் இருக்கும். எதுவாக ஆகும் என்பதைக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

5

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. இங்கே கோப்பு வருவதற்கு முன்பே அட்டை வந்துவிட்டது.

முன்பு சேலைக் கரையின் பூ வேலைக்கு 'அடை' கட்டுவார்கள். எந்த இழை எப்போது எழ வேண்டும் என்பதை நூலாலேயே முடிச்சிட்டுத் தறியில் கட்டி வைக்கிற முறை. அந்த முடிச்சுகளில்தான் டிசைன் இருந்தது; அதைக் கட்டத் தெரிந்தவர் தனி நிபுணர். பிறகு ஜக்கார்டு வந்தது. டிசைனைக் கட்டத்தாளில் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இன்றைக்கு மின்னணு ஜக்கார்டில் அட்டையும் இல்லை, பென் டிரைவில் போய்விடுகிறது. டிசைன் நெசவாளியின் வீட்டிலிருந்து முதலாளியின் கடைக்கு நகர்ந்த வரலாறு இதுதான். ஒரு கரை நன்றாக விற்றால், அதே டிசைன் சீக்கிரமே விசைத்தறியில் ஓடுகிறது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கிறது. அது டிசைனைக் காக்காது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி ஒரு டிசைனைப் பதிவு செய்தால் பத்தாண்டும், புதுப்பித்தால் மேலும் ஐந்தாண்டும் உரிமை உண்டு. யார் பதிவு செய்கிறாரோ அவருக்கு. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அல்ல.

ஜக்கார்டு 1804இல் இந்த இயந்திரத்தைக் கொண்டுவந்த லியோன் நகரமும் பட்டு நகரம்தான். அங்கே பட்டு நெசவாளிகள் 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்தார்கள். 1831 கிளர்ச்சியின் மையக் கோரிக்கை கூலி விகிதம். இயந்திரத்தை உடைப்பது அல்ல. நெசவுக்குப் பேசிய விலையை வியாபாரிகள் மதிக்க வேண்டும் என்பது. தொழிலாளர் எழுச்சி என்றாலே இயந்திர வெறுப்பு என்று வரலாறு எழுதுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு வசதியாக மறந்துவிடுகிறது.

இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட 'உற்பத்திச் சக்திகள்' நூலில் தானியங்கிக் கடைசல் இயந்திரங்களின் வரலாற்றைச் சொல்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில், அனுபவமுள்ள தொழிலாளி ஒரு பொருளைக் கையால் செய்வார். இயந்திரம் அவர் அசைவுகளை நாடாவில் பதிந்துகொண்டு பிறகு தானே திரும்பச் செய்யும். மற்றதில், அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கிட்டு எண்களாக எழுதி இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். வென்றது இரண்டாவது. விமானப்படையின் பணமும் எம்.ஐ.டி.யின் செல்வாக்கும் அதன் பின்னால் இருந்தன. முதல் வழியில் தொழிலாளியின் திறமை இல்லாமல் நாடா இல்லை. நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை என்பது நோபிளின் வாதம். தொழில்நுட்பத்தில் 'சிறந்தது தானாக வெல்லும்' என்ற கதையாடலை அவர் இப்படி உடைக்கிறார்.

இந்த வெளிச்சத்தில் நம் பவுண்டரியைப் பார்க்கலாம். கோவையிலோ அம்பத்தூரிலோ கூலிக்கு வார்த்துக் கொடுக்கிற சிறு பவுண்டரிகளில், மாதிரி பெரும்பாலும் ஆர்டர் கொடுக்கிற கம்பெனியின் சொத்து. ஆனால் அந்த மரமாதிரி பவுண்டரியின் பரணில் கிடக்கும். முதல் வார்ப்பில் ஒரு மூலையில் பொந்து விழுந்தால், மோல்டர் அந்த இடத்தில் ஒரு ரைசரைக் கூட்டுவார். ஆசாரி அந்த மூலையைக் கொஞ்சம் தடிக்க வைப்பார். இப்படிப் பத்துத் தடவை திருத்திய பின்தான் அந்த மாதிரி 'ஓடுகிற' மாதிரி ஆகிறது. திருத்தம் மரத்திலும் ஆளின் நினைவிலும் இருப்பதால், கம்பெனி வேறு பவுண்டரிக்கு மாற நினைத்தாலும் சுலபம் இல்லை. சின்னதுதான் என்றாலும் அது ஒரு பிடிமானம்.

மாதிரி கோப்பாகிவிட்டால் அந்தத் திருத்தங்களும் கோப்பில் ஏறும். கோப்பு கம்பெனியிடம் போகும். அங்கிருந்து, குறைந்த விலை சொல்கிற எந்த ஊர்ப் பவுண்டரிக்கும் ஒரு நொடியில் போகும். திருத்தியவருக்கு எடைக் கணக்கிலோ பெட்டிக் கணக்கிலோ கூலி கிடைத்திருக்கும். திருத்தத்துக்கு என்று எதுவும் கிடைத்திருக்காது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை போகும் சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது; ஒரகடத்தில் 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலை வந்தது. தறியை விட்ட வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போகிற திசை இது. அட்டையில் டிசைனை இழந்தவர்களின் பிள்ளைகள், கோப்பில் வேறொன்றை இழக்கிற இடத்துக்குத்தான் போகிறார்களா என்று கேட்பதில் தவறில்லை.

6

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. கை அறிவு போகிறதே என்று அழும்போது, அந்தக் கைக்குச் சாதி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. தச்சர், கொல்லர், கன்னார், தட்டார், சிற்பி என்று அறிவு குடும்பத்துக்குள் பூட்டப்பட்டிருந்தது. தகப்பன் மகனுக்குச் சொன்னான், மகளுக்குச் சொல்லவில்லை. மண்ணைச் சுமந்து குழைத்தவனுக்கும் சொல்லவில்லை. மாதிரியைக் கணிப்பொறியில் எழுப்பக் கற்றுக்கொள்ள இன்று குலம் தேவையில்லை. பாலிடெக்னிக்கில் படித்த ஒரு பெண் அதைச் செய்யலாம். செய்கிறார்கள். ஆகவே 'மரபு அழிகிறது' என்ற ஒப்பாரியோடு நான் சேரத் தயாராக இல்லை. குடும்பத்தின் பூட்டு உடைவது நல்லதுதான். உடைந்த பிறகு சாவி கம்பெனியின் பைக்குள் போய்விடக் கூடாது என்பதுதான் பிரச்சினை.

அது போய்த்தான் ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை. பிளாஸ்டிக் இழையைப் பிழிந்து அடுக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989இல் விண்ணப்பித்து 1992இல் பெற்ற காப்புரிமை 2009இல் முடிந்தது. அதற்கு முன்பே 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சடித்துக்கொள்ளும் இயந்திரத்துக்கான திட்டத்தைத் தொடங்கி, வரைபடங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார். ஒரு காலத்தில் பெரிய ஆலைகள் மட்டும் வாங்க முடிந்த இயந்திரம், இன்று ஒரு சிறு பட்டறைக்கும் எட்டுகிற விலையில் இருப்பதற்கு இந்த இரண்டும் முக்கியக் காரணம். வேலி எடுக்கப்பட்டதும் விலை இறங்கியது.

இதை வைத்து, காரியமாக மூன்று விஷயம் சொல்லலாம் என்று படுகிறது.

தறியின் உதிரிபாகங்களிலிருந்து தொடங்கலாம். காஞ்சிபுரத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல இருக்கின்றன. ஜக்கார்டுப் பெட்டியின் தாங்கி, பல்சக்கரம், நெம்புகோல் என்று உடைகிற வார்ப்புகளுக்கெல்லாம் கோப்பு தயாரித்து, சங்கத்தின் பொதுச் சொத்தாக வைத்தால் ஒரே ஒரு உருப்படியும் வார்க்கலாம். மாதிரியை அச்சடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். வார்க்கப் பக்கத்தில் ஒரு சிறு பவுண்டரி இருந்தால் போதும். பழைய தறி பழைய இரும்புக் கடைக்குப் போகாது.

அடுத்தது, திருத்தத்துக்குக் கூலி. கோப்பில் யார் எந்த மாற்றம் செய்தார் என்று பதிந்து வைப்பது கணிப்பொறிக்குச் சுலபமான வேலை. நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் இதைத் தினமும் செய்கிறார்கள். ரைசரை எங்கே கூட்ட வேண்டும் என்று கண்டுபிடித்த மோல்டரின் பெயர் மட்டும் ஏன் பதிவாவதில்லை? தொழிற்சங்கங்கள் கூலி, போனஸ், பி.எஃப். என்று பேசும்போது இதையும் பேச வேண்டும். பல பவுண்டரிகளில் இன்று மண் வேலை செய்கிறவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டிலேயே சரியாக இருப்பதில்லை என்பதும் இதோடு சேர்ந்த பிரச்சினைதான்.

மூன்றாவது, கோயில் படிமங்கள். அவற்றை வருடிக் கோப்பாக்குவது திருட்டைத் தடுக்க உதவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோப்பு எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், அதிலிருந்து யார் வார்க்கலாம் என்று முதலில் விதி எழுத வேண்டும். ஸ்தபதி படிமத்தின் கண்ணைத் திறந்த பிறகு கோயில் அவரை வெளியே நிறுத்திவிடுகிறது. கோப்பு விஷயத்திலும் அவரை வெளியே நிறுத்திவிட்டு விதி எழுதக் கூடாது.

மரமோ பிளாஸ்டிக்கோ காகிதமோ, மாதிரி எதனால் ஆனது என்பது வார்க்கிறவருக்குக் கடைசியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பேட்டர்ன் ஆசாரி என்னிடம் சொன்னார்: 'மெஷின் வரட்டும்ங்க, ராவுற வேலை கொஞ்சம் மிச்சம். ஆனா மூலையில ஏன் தடிப்பு வச்சேன்னு அதுக்குத் தெரியாது. நான் சொன்னாத்தான் தெரியும். சொன்னதுக்கப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடப்போறாங்க?'

அவருடைய கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டாடுவதோ சபிப்பதோ இரண்டும் ஒன்றுதான்.